1942 பிப்ரவரி 15 அவர் இறந்த நாள்தானா?

உங்கள் தாத்தாவின் அண்ணன் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1940இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, இருபது வயதில் மலாயாவுக்குப் போய், திரும்பி வராமலே போனவர். வீட்டில் மூன்று தாள்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள்: 1942இல் ‘காணவில்லை’ என்று வந்த தந்தி, 1943இல் அவருடைய கையெழுத்தோடு வந்த ஓர் அச்சடித்த அட்டை, 1946இல் ‘போர்க்கைதியாக இருக்கையில் இறந்தார்’ என்று தேதியே இல்லாமல் வந்த அரசாங்கக் கடிதம். இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால், சிங்கப்பூர் நினைவகத்தில் அவர் பெயர் இருக்கிறது. இறந்த நாள் 1942 பிப்ரவரி 15 என்று போட்டிருக்கிறது. இது சரியா என்பது உங்கள் கேள்வி. கூடவே, ஜப்பானியர் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் ரயில்பாதையில் மாண்டார் என்று பெரியவர்கள் சொல்வதையும், ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) சேர்ந்துவிட்டார் என்று பங்காளி வீட்டில் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் இத்தனை வருடம் கழித்து உங்கள் அப்பா இதைக் கிளறச் சொல்வதற்குக் காரணம், மகாளய அமாவாசையோடு நிறுத்திக்கொள்ளாமல் அவருக்கென்று ஒரு திதி கொடுக்க முடியுமா என்று அறிய விரும்புவதுதான் என்று எனக்குப் படுகிறது. அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் இது போன்ற குடும்பங்களுக்காகப் பழைய பதிவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்தத் தேதி அவர் இறந்த நாளாக இருக்க முடியாது என்பதே. அதற்கான சான்று வேறெங்கும் இல்லை, உங்கள் வீட்டு அட்டையில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் நான் எழுதப்போவதில் சிலவற்றுக்கு வலுவான ஆதாரம் உண்டு. சில வெறும் ஊகம். எது எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடத்தில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். அன்றைய தினம் சிங்கப்பூரில் யார் உயிரோடு இருந்தார்கள், யார் முந்தைய வாரச் சண்டையில் விழுந்தார்கள், யார் மலாயாவின் ரப்பர் காடுகளிலேயே தங்கிவிட்டார்கள் என்று எந்தப் படைப்பிரிவிடமும் முழுப் பட்டியல் இல்லை. பெங்களூரில் இருந்த ஆவண அலுவலகத்துக்குத் தெரிந்ததெல்லாம், குறிப்பிட்ட கம்பெனி (படையின் சிறு பிரிவு) சிங்கப்பூரில் இருந்தது, அதிலிருந்து இனித் தகவல் வராது என்பது மட்டும்தான். அதனால் அத்தனை பேரையும் அந்தத் தேதியில் ‘காணவில்லை’ என்று பதிந்தார்கள். போர் முடிந்து திரும்பி வராதவர்களுக்கு, சாட்சியோ பதிவேடோ கிடைத்தால் இறந்த நாள் திருத்தப்பட்டது. கிடைக்காவிட்டால் பழைய தேதியே நிலைத்தது. விதவைக்கும் பெற்றோருக்கும் பணம் கணக்கிட அரசாங்கத்துக்கு ஏதாவது ஒரு தேதி வேண்டியிருந்தது. கல்லறை ஆணையமும் இதை மறைக்கவில்லை. அந்த நினைவகத்தில் உள்ளவர்களில் பலருக்கு இறந்த நாள் தெரியாது, அவர்கள் காணாமற்போன அல்லது பிடிபட்ட நாளையோ காலத்தையோ பதிந்திருக்கிறோம் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெயர்கள் வரிசையாக நின்றால், அது சாவின் தேதி என்பதைவிட குமாஸ்தாவின் தேதி என்றுதான் முதலில் எண்ண வேண்டும். மாறாக, யாருக்காவது 1944 ஜூலையில் ஏதோ ஒரு தனித் தேதி போட்டிருந்தால், அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்: உடனிருந்து பார்த்துத் திரும்பி வந்து சொன்ன தோழர்.

இனி அந்த அட்டை. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் அது ஜப்பானிய ராணுவம் கைதிகளுக்குக் கொடுத்த வழக்கமான அட்டைதான். ‘நான் இன்ன இடத்தில் சிறை வைக்கப்பட்டிருக்கிறேன்’, ‘என் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறது’, ‘மருத்துவமனையில் இருக்கிறேன்’, ‘கூலிக்கு வேலை செய்கிறேன்’, ‘வேலை செய்யவில்லை’ என்று வரிகள் ஆங்கிலத்தில் முன்பே அச்சாகியிருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுப் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். உடல்நலம் பற்றிய வரியை நம்பாதீர்கள். வேறெதையும் எழுத விடமாட்டார்கள். ஆனால் கைதியானவருக்கு மட்டுமே அந்த அட்டை கிடைக்கும், அந்த அட்டைகளைக் கொடுத்ததோ சரணுக்குப் பிறகு. ஆகவே பிப்ரவரி 15க்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார். இதில் எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. அட்டை 1943இல் வீட்டுக்கு வந்தது என்பதால் 1943இல் எழுதப்பட்டது என்று ஆகிவிடாது. இத்தகைய அட்டைகள் எழுதிய பிறகு பல மாதம் கிடந்து, சில ஒரு வருடத்துக்கு மேலும் கழித்துத்தான் வந்து சேர்ந்தன. இந்திய அஞ்சல் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அது இந்தியாவுக்குள் வந்த நாளைத்தான் காட்டும். எழுத்து அவருடையதுதானா என்பதையும், ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் அனுப்பிய கடிதம் ஏதாவது இருந்தால், ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாத சிப்பாய்களுக்காகப் பக்கத்தில் இருந்தவர் எழுதிக் கொடுப்பது சாதாரணம்.

பிடிபடுவதற்கு முன் அவர் செய்த சேவையைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அவருடைய கம்பெனி எண் உங்கள் தாள்களில் இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது முதல் சிங்கப்பூர் விழுந்தது வரை மலாயாவில் நடந்தது எழுபது நாள் பின்வாங்கல். பிரிட்டிஷ், இந்தியப் படைகள் வடக்கே ஜித்ராவில் உடைந்து, ஜனவரி 7 அன்று ஸ்லிம் ஆற்றில் டாங்கிகளிடம் சிதறி, ஜனவரி 31 அன்று ஜோகூர் நீரிணைத் தரைப்பாலத்தைத் தகர்த்துவிட்டுத் சிங்கப்பூர்த் தீவுக்குள் ஒதுங்கின. பின்வாங்கும் படையில் சாப்பர்களின் வேலை, எல்லோரும் கடந்துபோன பிறகு கடைசியில் நின்று பாலத்தைத் தகர்ப்பது. வெடி வைத்துவிட்டு, நம் ஆட்கள் இன்னும் அக்கரையில் இருக்கிறார்களா என்று இருட்டில் காத்துக் கிடக்க வேண்டும். முன்னே தகர்த்தால் தோழர்கள் மாட்டுவார்கள், பின்னே தகர்த்தால் எதிரி டாங்கி மேலே ஏறிவிடும். ‘தம்பி’ என்று மற்றப் படையினர் அன்போடு அழைத்த அந்த மதராஸ் சாப்பர்களில் பலர் உங்கள் பெரிய தாத்தாவைப் போல ஓரிரு வருடப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். ஆனாலும் அந்த ஜனவரியில் உதிரி ஆட்களாக வந்திறங்கிய சில இந்தியப் படையினருக்குச் சில மாதப் பயிற்சிகூட இருக்கவில்லை என்பதோடு ஒப்பிட்டால், 1940இல் சேர்ந்தவர் ஓரளவு தேர்ந்த சிப்பாய்தான்.

பிப்ரவரி 17 அன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபாரர் பூங்கா மைதானத்தில் திரட்டினார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் சாங்கி முகாமுக்கு நடந்துபோக, இந்தியர்கள் தனியே பிரிக்கப்பட்டு ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர் அவர்களை, பின்னர் ஐ.என்.ஏ.வை அமைத்த கேப்டன் மோகன் சிங்கின் பொறுப்பில் விட்டார். பிறகு நீசூன், பிடாடாரி, செலத்தார், கிராஞ்சி எனப் பல முகாம்கள். உங்கள் பிரச்சினையின் வேர் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது என்பேன். ஜப்பான் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா போர்க்கைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் அதை உறுதிசெய்யவில்லை. அதிலும் இந்தியர்களைப் பொறுத்தவரை, இவர்கள் விடுவிக்கப்பட்டவர்கள், கைதிகளே அல்லர் என்று நிலைப்பாடு எடுத்தார்கள். போருக்குப் பிந்தைய போர்க்குற்ற விசாரணைகளில் ஜப்பானிய அதிகாரிகள் இதையே எதிர்வாதமாகவும் வைத்தார்கள். கைதி என்று ஒப்புக்கொள்ளாதவர்களின் பெயரையும் சாவையும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒழுங்காகத் தெரிவிப்பார்களா? சாங்கியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய் இறந்தால் முகாம் பதிவேட்டில் நாளும் நோயும் கல்லறை எண்ணும் இருக்கும். இந்தியச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் அது இல்லை. உங்கள் வீட்டுக் கடிதத்தில் தேதி இல்லாததற்கு அலட்சியத்தைவிட இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஐ.என்.ஏ. பற்றி. முதல் ஐ.என்.ஏ. 1942 செப்டம்பரில் அமைந்து, மோகன் சிங் ஜப்பானியரோடு முரண்பட்டுக் கைதானதும் டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பின் மறுபடி எழுந்தது. முதலில் சேர்ந்து பிறகு விலகியவர்கள், முதலில் மறுத்துப் பிறகு சேர்ந்தவர்கள், இரண்டு தடவையும் மறுத்தவர்கள் என்று எல்லா வகையினரும் இருந்தார்கள். சேர்ந்தவர்களில் கொள்கைப் பிடிப்போடு சேர்ந்தவர்களும் உண்டு, பசிக்கும் அடிக்கும் பயந்து சேர்ந்தவர்களும் உண்டு. மறுத்தவர்களை முகாமில் அடைத்து அடித்ததற்குப் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. உங்கள் பெரிய தாத்தா இதில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை உங்களிடம் உள்ள தாள்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நினைவகத்தில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் ஐ.என்.ஏ.வில் சேரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1946ஆம் ஆண்டுக் கடிதம் ‘போர்க்கைதியாக இருக்கையில்’ என்று சொல்வது கவனிக்க வேண்டியது. திரும்பி வந்த வீரர்களை, ஐ.என்.ஏ. தொடர்பு உண்டா என்று விசாரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்ட கடிதம் அது, ஐ.என்.ஏ.வில் கடைசி வரை இருந்தார் என்று தோழர்கள் யாராவது சொல்லியிருந்தால் வாசகம் வேறு மாதிரி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பங்காளி வீட்டுப் பேச்சைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், முதல் ஐ.என்.ஏ.வில் சில மாதம் இருந்திருக்கலாம்.

சயாம் கதையை நான் பெரும்பாலும் நம்பவில்லை. அந்த ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். அவர்கள் பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர். குடிமக்களாக வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே மாண்ட தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தொழிலாளிகள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, நினைவுத்தூணில் பெயரும் இல்லை. போருக்குப் பிறகு மலாயாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் எல்லோரும் சயாம் பற்றித்தான் பேசினார்கள். ‘ஜப்பான்காரனிடம் மாட்டிச் செத்தான்’ என்று மட்டும் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் கதை வந்து ஒட்டிக்கொள்வது இயல்பு. இந்தியச் சிப்பாய் ஒருவர்கூட அங்கே போகவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரைத் தேட வேண்டிய முதல் இடம் அதுவல்ல.

முதல் இடம் நியூ கினியும் அதைச் சுற்றிய தீவுகளும். ஐ.என்.ஏ.வில் சேர மறுத்தவர்களையும், முதல் ஐ.என்.ஏ. கலைந்ததும் திரும்பச் சேராதவர்களையும் பெரும்பாலும் 1943இல் உழைப்புப் படைகளாகப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். நியூ கினியின் வெவாக், நியூ பிரிட்டன் தீவின் ரபவுல், போர்னியோ என்று பல திசைகளில் போனார்கள். போய்ச் சேர்ந்ததே அதிர்ஷ்டம்: 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வாஹூ மூழ்கடித்த புயோ மாரு என்ற கப்பலில் இருந்தவர்கள் 16ஆவது பஞ்சாப் படையின் இந்தியக் கைதிகள், 195 இந்தியர் இறந்தார்கள். சுட்டவர்களுக்கு அதில் கைதிகள் இருப்பது தெரியாது. கரை சேர்ந்தவர்கள் விமான ஓடுதளம் சமன்படுத்தினார்கள், கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார்கள், குண்டுவீச்சில் குழியான இடத்தை மறுபடி மூடினார்கள். 1944 ஏப்ரலில் ஹாலந்தியாவிலும் ஐத்தாப்பேயிலும் அமெரிக்கர் இறங்கியதும் வெவாக் பகுதி துண்டிக்கப்பட்டு, ஜப்பானியருக்கே சோறில்லை என்ற நிலை வந்தது. கைதிகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்குப் போன ஏறத்தாழ மூவாயிரம் பேரில் மிகச் சிலரே பிழைத்தார்கள். ஜமேதார் சிந்த் சிங்கும் இன்னும் பத்துப் பேரும் 1945 செப்டம்பர் இறுதியில் செப்பிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்களால் மீட்கப்பட்டார்கள். சாட்சி சொல்வதற்காக அவரை நிறுத்திக்கொண்டார்கள். ஊருக்குப் புறப்பட்ட மற்றப் பத்துப் பேரும் நவம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார்கள். ஒரு முகாமின் கதையைச் சொல்ல ஒரே ஒருவர் மிஞ்சினார் என்றால், பெயர் பெயராக இறந்த நாள் கிடைக்காததில் என்ன வியப்பு?

எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு, தீவுக்குப் போனவர் என்றே வைத்துக்கொண்டாலும், அனுமானம்தான் பதில். தீட்டிய அரிசியை மட்டும் தின்றதால் வந்த பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய், சீதபேதி, மலேரியா, காலில் எலும்பு தெரியுமளவு அழுகும் வெப்பமண்டலப் புண் ஆகியவைதான் அதிகம் பேரைக் கொன்றன. நேசநாட்டு விமானங்களின் குண்டுகளில் இறந்தவர்களும் உண்டு, காவலர்கள் அடித்தும் வெட்டியும் கொன்றவர்களும் உண்டு. சிங்கப்பூரை விட்டே நகராமல் அங்குள்ள முகாமில் நோயில் இறந்திருக்கவும் இடமிருக்கிறது. உடல் எங்கே என்பதற்கும் இதே கதிதான். சிங்கப்பூர் நினைவகத் தூண்களில் உள்ள 24,000க்கும் மேற்பட்டோர் கல்லறை அறியப்படாதவர்கள். நியூ கினியில் போருக்குப் பின் கண்டெடுத்த இந்தியர்களின் எச்சங்கள் லே கல்லறையிலும் ரபவுல் அருகே பிட்டா பாக்கா கல்லறையிலும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. பல கற்களில் பெயர் இல்லை. அவற்றுள் ஒன்று அவருடையதாக இருக்கலாம், ஆனால் எது என்று காட்ட இன்று வழியில்லை. அப்படிக் காட்டுவதாகப் பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவற்றில் முதலாவது பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) ஆவண அலுவலகத்துக்கு எழுதுவது. பெயரை மட்டும் வைத்துத் தேட மாட்டார்கள், ரெஜிமென்ட் நம்பர் வேண்டும். தந்தியிலும் இணையதளப் பதிவிலும் இருப்பது ஒன்றுதானா என்று சரிபாருங்கள். தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா ஆகியவற்றை 1940இல் இருந்தபடியே எழுதுங்கள். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் அந்தக் காலப் பதிவேட்டோடு பொருந்தாது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக எழுதிக் கொடுங்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஷீட் ரோல் எனப்படும் சேவைத்தாள் பெரும்பாலும் அழிந்திருக்கும், லாங் ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி எண் அதில்தான் கிடைக்கும், அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் பதில் வருவதற்கு நேரடிக் கடிதத்தைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருப்பதாக என் அனுபவம்.

கம்பெனி எண் தெரிந்த பிறகு ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர்க்குற்ற விசாரணைக் கோப்புகளுக்குப் போங்கள்; ஆஸ்திரேலியர்கள் நடத்திய விசாரணைகளில் இந்தியக் கைதிகளைக் கொன்றது பற்றியவை கணிசமானவை, பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம். அதே கம்பெனி ஆட்கள் சாட்சியாக வந்திருந்தால், அவர்களை எந்தத் தீவுக்கு அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கும். ஜெனீவாவில் உள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் காப்பகத்தில் பெயர் தேடித் தருவார்கள். விண்ணப்பங்களை வரையறுத்த எண்ணிக்கையில்தான் ஏற்பார்கள், முன்பு சொன்ன காரணத்தால் அங்கே அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். வீட்டில் பதக்கங்கள் இருந்தால், நடுவில் மஞ்சள் கோடும் ஓரத்தில் சிவப்பும் கொண்ட பச்சை நாடாவுள்ள பசிபிக் நட்சத்திரம் இருக்கும். மலாயாவில் இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

திதியைப் பற்றி நான் சாஸ்திரம் சொல்ல முடியாது, அதை உங்கள் குடும்பத்துப் புரோகிதரிடம் கேளுங்கள். ஆவணம் படிப்பவனாக என்னால் சொல்ல முடிந்தது, பிப்ரவரி 15ஐ வைத்துத் திதி கணிக்காதீர்கள் என்பதுதான். இதுவரை மகாளய அமாவாசையில் கொடுத்துவந்ததை, வேறு தேதி கிடைக்கும் வரை, மாற்றக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தேதியைத் திருத்தச் சொல்லிக் கல்லறை ஆணையத்துக்கு எழுதலாம். அக்காலத்து ஆவணச் சான்று இருந்தால் பரிசீலிப்பார்கள், உங்கள் அட்டை அத்தகைய சான்று. அவர்கள் புதுத் தேதி தரமாட்டார்கள். ‘1942 பிப்ரவரி 15க்குப் பிறகு’ என்ற அளவுக்கு மாறினாலே பெரிது. அனுப்பும்போது அட்டையின் இரு பக்கங்களையும் முத்திரைகள் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து அனுப்புங்கள், அசலை எந்த அலுவலகத்துக்கும் கொடுக்காதீர்கள், லாமினேட்டும் செய்துவிடாதீர்கள். கம்பெனி எண் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், அந்தக் கோப்புகளில் எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.